குமுளி மலையில் டைனோசர் இறங்கினால்: த்ரில்லர் எழுத நினைக்கும் தம்பிக்கு

கூடலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: இன்றைய உலகத்தில் டைனோசர் வருகிற மாதிரி ஓர் அறிவியல் த்ரில்லர் எழுத ஆசை, கதை நடக்கிற இடம் லோயர் கேம்பிலிருந்து குமுளி, தேக்கடி வரை, எந்த வழியில் கொண்டுவந்தால் வாசகர் நம்புவார், எந்த டைனோசரைப் போடலாம், எல்லாமே வெளிநாட்டுக்காரர்கள் எழுதி முடித்துவிட்டார்களே என்று. நல்ல கேள்வி தம்பி. நான் கம்பத்துக்காரன், விலங்கியல் சொல்லிக்கொடுத்தே பிழைப்பவன், இந்த வகைக் கதைகளைச் சின்ன வயதிலிருந்து விடாமல் படிப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதையில் நடக்கவே முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். டைனோசர் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றும், அது தின்பது, மூச்சு விடுவது, ஊர் அதற்கு என்ன செய்கிறது என்பது எல்லாம், அப்படியே நிஜமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கதைகளில் பாதி இந்த இரண்டாவது பாதியில்தான் படுத்துவிடுகின்றன. அந்த இடம் உங்களுக்குக் காலியாகக் கிடக்கிறது.

சரி, கொண்டுவரும் வழி. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது டிஎன்ஏ. 1990-இல் மைக்கேல் கிரைட்டன் எழுதிய ‘ஜுராசிக் பார்க்’ நாவலும் 1993-இல் வந்த படமும் போட்ட பாதை அது: அம்பருக்குள், அதாவது கல்லாக இறுகிப்போன மரப்பிசினுக்குள், மாட்டிய கொசு, அதன் வயிற்றில் டைனோசர் ரத்தம். அந்த யோசனை அழகு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று அதை அப்படியே எடுத்து எழுதினால் பிளஸ் டூ மாணவனே கேள்வி கேட்பான். நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை வைத்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. எலும்புக்குள் இருக்கும் டிஎன்ஏ ஏறத்தாழ 521 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகச் சிதைகிறது என்று அதில் கணக்கிட்டார்கள். உறைபனியில் கிடந்தால் இன்னும் நீடிக்கும். இதுவரை மீட்டெடுத்ததில் மிகப் பழையது கிரீன்லாந்து மண்ணில் கிடைத்த, சுமார் 20 லட்சம் ஆண்டு பழமையானது. டைனோசர்கள் அழிந்ததோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்னால். இடைவெளி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அம்பர் காப்பாற்றும் என்றும் சொல்ல வழியில்லை. 2013-இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் அம்பராக முற்றாத இளம் பிசினில் சிக்கிய தேனீக்களைச் சோதித்தார்கள், மூத்ததற்கே சுமார் பத்தாயிரம் ஆண்டுதான், அவற்றிலேயே நம்பத்தகுந்த டிஎன்ஏ கிடைக்கவில்லை. படத்தில் அம்பர் எடுக்கும் சுரங்கம் டொமினிக்கன் குடியரசில் இருப்பதாகக் காட்டுவார்கள், அந்த ஊர் அம்பரின் வயதே இரண்டு கோடி ஆண்டுக்குள்தான், டைனோசர் போய்ப் பல கோடி ஆண்டு கழித்து ஊறிய பிசின் அது. அம்பர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மியான்மருக்குப் போங்கள். அங்கே கிடைக்கும் அம்பர் 9 கோடியே 90 லட்சம் ஆண்டு பழையது, 2016-இல் இறகோடு கூடிய ஒரு குட்டி டைனோசரின் வால் துண்டே அதற்குள் இருப்பதாக அறிவித்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன, ஒரு தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு கல் இருந்தது என்று ஆரம்பித்தால் நம் மண்ணின் கதையாகவே வரும். டிஎன்ஏ சிக்கல் மட்டும் அப்படியேதான் நிற்கும்.

இன்னொரு தடையை யாரும் எழுதுவதில்லை. முழு டிஎன்ஏ கையில் இருந்தாலும், டாலி ஆட்டை நகலெடுக்கச் செய்த மாதிரி கருமுட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் வேலை பறவை முட்டையில் நடக்காது. மஞ்சள் கரு பெரிது, நாம் கையில் எடுப்பதற்குள் கரு எவ்வளவோ வளர்ந்திருக்கும். அதனால் பறவைகளில் இனப்பெருக்க மூலச் செல்களை எடுத்து மாற்றித் திரும்பச் செலுத்துகிறார்கள். டைனோசர் பறவைக்கு அண்ணன் முறை, அதே தொல்லை அங்கேயும் வரும். கோழியையே பின்னோக்கித் திருப்பும் யோசனையும் இருக்கிறது. அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் ஜாக் ஹார்னர் அதைப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார், 2015-இல் கோழிக் கருவின் அலகு எலும்பைப் பழைய ஊர்வன முகவாய் போல வளரவைத்தும் காட்டினார்கள், அவர்கள் வேறொரு குழு. நாமக்கல் கோழிப்பண்ணைப் பின்னணியில் நல்ல கதைக்கு அது இடம் கொடுக்கும். ஆனால் வருவது பல் வைத்த கோழியாக இருக்குமே தவிர டைனோசராக இருக்காது. உங்கள் மலைக்கதைக்கு ஒத்துவராது.

அடுத்தது, எங்கோ ஒரு மறைவிடத்தில் அழியாமல் பிழைத்துக் கிடந்தது என்னும் வழி. 1912-இலேயே ஆர்தர் கோனன் டாயில் தென் அமெரிக்க மேட்டுநிலம் ஒன்றை வைத்து எழுதிவிட்டார். அன்று உலக வரைபடத்தில் வெற்றிடம் இருந்தது, நம்பினார்கள். இன்று பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர், அதில் தானியங்கிக் கேமரா கட்டிப் புலியின் கோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடையாளம் பிரிக்கிறார்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நாள்தோறும் நடக்கிறார்கள். ஜீப் அளவு மிருகம் அங்கே ஒளிய முடியாது. ஒன்று ஒளிந்தாலும் போதாது, கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓர் இனம் தாக்குப்பிடிக்க நூற்றுக்கணக்கில் வேண்டும்.

ஆனால் சின்ன உயிர் ஒளியலாம் தம்பி, அதற்குச் சாட்சி நம் மலையிலேயே இருக்கிறது. ஊதா நிறத் தவளை. ஆண்டு முழுக்க மண்ணுக்குள்ளேயே கிடந்து கறையான் தின்று, பருவமழைக்கு முந்தின மழையில் சில நாள் மட்டும் முட்டையிட வெளியே வரும். அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 2003-இல்தான், இடுக்கியில் கிடைத்ததை வைத்து. அதன் நெருங்கிய சொந்தம் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது, அதாவது இந்த வம்சம் பிரிந்தது டைனோசர் காலத்தில். 2017-இல் இரண்டாவது இனத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், நம் கிழக்குச் சரிவிலேயே கண்டுபிடித்தார்கள். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: மொன்டானாவில் வளை தோண்டி வாழ்ந்த ஒரு டைனோசரைக் குட்டிகளோடு அதன் வளைக்குள்ளேயே புதைபடிவமாகக் கண்டெடுத்து 2007-இல் அறிவித்தார்கள். ஆடு அளவுகூட இல்லாத, இரவில் மட்டும் வருகிற, மழைக்கு முன்னால் சில நாள் மட்டும் வெளியே தெரிகிற ஒன்று ஏலத்தோட்டத்து மண்ணுக்குள் இருக்கிறது என்று எழுதினால் அதை யாரும் இன்னும் தொடவில்லை. பயமும் வேறு மாதிரியாக இருக்கும்.

பெரிய மிருகம்தான் வேண்டும் என்றால் காலவழி ஒன்று, அதாவது பழைய காலத்துக்குப் போய்வரும் வாசல், திறக்கட்டும், என் ஓட்டு அதற்குத்தான். அதுவும் நடக்காத விஷயம்தான், ஆனால் அந்த ஒரு பொய்யோடு முடிந்துவிடுகிறது, பிறகு நீங்கள் எதற்கும் சமாதானம் சொல்லத் தேவையில்லை. எந்திரத்தை விளக்காதீர்கள். தேக்கடித் தலைமதகிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வருகிறதே, அந்தச் சுரங்கம் ஒன்றே போதும். மராமத்துக்குத் தண்ணீரை நிறுத்துகிறார்கள், உள்ளே போன ஆள் எதிர்ப்பக்கத்து வெளிச்சம் வேறு மாதிரி இருக்கிறது என்று திரும்பி ஓடிவருகிறார். இவ்வளவு எழுதினால் வாசகர் உள்ளே வந்துவிடுவார்.

இங்கே பாறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், நம் பக்கம் எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறுவது இதில். கல்குவாரியில் வெடி வைத்தபோது டைனோசர் எலும்பு வந்தது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நம் மலைப்பாறை சார்னோகைட், நைஸ் வகை. பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது, டைனோசரைவிடப் பல கோடி ஆண்டு மூத்தது, அதற்குள் எலும்பு இருக்க வழியே இல்லை. கேரளப் பக்கமும் அப்படித்தான், ஆந்திர எல்லையில் திருப்பதி மலையும் டைனோசருக்கு வெகு மூத்த பாறைதான். தமிழ்நாட்டில் அந்தக் காலத்துக் கடலும் கரையும் படிந்த பாறை வேண்டுமென்றால் அரியலூர், பெரம்பலூர். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ஒரு பெருவிலங்கின் காலெலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம், 1987-இல் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள், உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேச்சு. அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன, படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம். காணாமல் போன அந்த எலும்பே தனியாக ஒரு த்ரில்லர். ஆனால் நம் மலையில் எலும்பு கிடைக்காததற்கு டைனோசர் இங்கே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பாறை அப்போதும் இருந்தது, அதன் மேல் நடந்திருக்கும், எலும்பை மூடிக் காப்பாற்றுகிற வண்டல்தான் படிந்து நிற்கவில்லை. உங்கள் காலவழி இங்கே திறப்பதற்கு இதைவிட நல்ல காரணம் என்ன வேண்டும்! யாருக்கும் தெரியாத மிருகம் இந்தப் பக்கம் வரலாம்.

எந்த மிருகம்? டி-ரெக்ஸ் வேண்டாம். அது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, மடகாஸ்கரைவிட்டுப் பிரிந்து, தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது, டி-ரெக்ஸ் இங்கே வரப் பாலமே கிடையாது. படங்களில் ஆள் உயரத்துக்கு வருகிற வெலாசிராப்டரும் வேண்டாம், நிஜத்தில் அது மங்கோலியாவில் இருந்த, வான்கோழி அளவு, இறகு வைத்த பிராணி. நமக்கு ராஜசாரஸ் இருக்கிறது. குஜராத்தில் நர்மதைப் பள்ளத்தாக்குப் பக்கம் எடுத்து 2003-இல் பெயர் வைத்தார்கள், 6, 7 மீட்டர் நீளம், குட்டைக் கைகள், நெற்றியில் ஒரு கொம்பு, தாடை வலு. அதற்கு இரையாக நீள்கழுத்து டைட்டனோசர்கள். அவற்றின் கூடுகள் மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 92 இருப்பதாகவும் முட்டைகள் 256 என்றும் 2023-இல் ஆய்வு வெளியானது. கூடுகள் ஒன்றையொன்று ஒட்டி இருந்ததால் தாய் உள்ளே நுழைந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, முட்டையிட்டு மூடிவிட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறார்கள். குஜராத்தில் ஒரு கூட்டுக்குள் மூன்றரை மீட்டர்ப் பாம்பு ஒன்று முட்டையைச் சுற்றிச் சுருண்டபடியே கல்லாகிக் கிடைத்தது, பக்கத்தில் அரை மீட்டர்க் குஞ்சு. ஏலச்செடிக்கு அடியில் களை எடுக்கிற அக்காமார் கையில் முட்டை ஒன்று தட்டுப்படுகிற காட்சியை யோசித்துப் பாருங்கள், எந்த ஊர் எழுத்தாளனுக்கும் அது கிடைக்காது.

தீனிதான் கதையை நகர்த்தும். மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற இடத்தில் கிடைத்த கல்லாகிப்போன சாணத்தை நுண்ணோக்கியில் பார்த்து, இந்திய டைட்டனோசர்கள் புல் தின்றிருக்கின்றன என்று 2005-இல் சொன்னார்கள். டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்று அதுவரை பாடம். பிறகு 2011-இல் அந்தப் புல்லில் சில நெல்லின் வகையறா என்றே காட்டினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் 14,707 ஏக்கர். முழு வளர்ந்த காட்டு யானை ஒரு நாளைக்கு 150 கிலோ தின்கிறது, இது யானையைவிடப் பல மடங்கு எடை. மலை மேலே சோலைக்காட்டில் அதற்கு எத்தனை நாள் வயிறு நிரம்பும்? அது கீழே இறங்கும். அதன் பின்னாலேயே ராஜசாரஸும் இறங்கும். வில்லன் விஞ்ஞானி யாரும் தேவையில்லை, பசி ஒன்றே எல்லாரையும் ஊருக்குள் கொண்டுவந்துவிடும்.

ஊர் என்ன செய்யும் என்று கற்பனை செய்யவும் தேவையில்லை, நாம் கண்ணால் பார்த்ததுதான். 2023 ஏப்ரல் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைச் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27-இல் அது கம்பம் தெருவில் நடந்தது. 144 தடை உத்தரவு, ஒலிபெருக்கியில் வீட்டைவிட்டு வராதே என்று அறிவிப்பு, கும்கிகள் வருகை, ட்ரோன் பறக்கவிட்டு யானையை மிரட்டிய ஒருவரைப் போலீஸ் பிடித்தது, அடிபட்ட ஒருவர் இறந்துபோனார். கேரள உயர் நீதிமன்றத்திலும் வழக்கு, மதுரைக் கிளையிலும் வழக்கு. ஜூன் 5-இல் பிடித்து லாரியில் ஏற்றி முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு யானை, அதன் குணம் தெரியும், மருந்து தெரியும், அளவு தெரியும், அப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் கம்பத்தில் இருந்த யாரிடமாவது உட்கார்ந்து கேளுங்கள், பால்காரர் என்ன செய்தார், ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கூலியை எப்படி இழந்தார்கள், ராத்திரி நாய் எப்போது குரைப்பதை நிறுத்தியது என்று. நாவலின் நடுப்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

எல்லைச் சிக்கலையும் விட்டுவிடாதீர்கள். முல்லைப் பெரியாறு அணை இருப்பது கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், அதை இயக்குவது தமிழ்நாடு, 1886-இல் போட்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி. அணைத் தண்ணீரில் ஒரு டைட்டனோசர் செத்து மிதக்கிறது என்று வையுங்கள். காடு ஒரு மாநிலத்தின் வனத்துறையுடையது, தண்ணீரைக் குடிப்பது மறு மாநிலத்தின் ஐந்து மாவட்டம். மதகை மூடு என்று உத்தரவு போட யாருக்கு அதிகாரம்? சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தன் அட்டவணையில் பெயர் உள்ள விலங்கைத்தான் காட்டு விலங்கு என்கிறது. யானையைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு தர வேண்டும், ராஜசாரஸின் பெயரோ எந்த அட்டவணையிலும் இல்லை. சட்டப்படி அது காட்டு விலங்கே இல்லை, சுடுகிறவனை எந்தப் பிரிவில் பிடிப்பது? ஒரு நேர்மையான ரேஞ்சரையும் துப்பாக்கியோடு வந்த தோட்ட முதலாளி ஒருவரையும் எதிரெதிரே நிறுத்த இது போதும்.

பயமுறுத்தும் காட்சிகளுக்கு வருகிறேன். கர்ஜனை வேண்டாம். பறவைகளிலும் முதலைகளிலும் வாயை மூடியபடி அடித்தொண்டையில் எழுப்பும் ஒலி உண்டு, பெரிய டைனோசர்களும் அப்படித்தான் ஒலித்திருக்கும் என்று இப்போது கருதுகிறார்கள். காதில் விழுவதைவிட நெஞ்சில் அதிர்வதாக எழுதுங்கள், தகர லயத்து வீடுகளில் பாத்திரம் நடுங்கட்டும். அசையாமல் நின்றால் அதற்குத் தெரியாது என்பதும் கட்டுக்கதைதான், டி-ரெக்ஸ் போன்றவற்றுக்குக் கண்ணும் கூர்மை, மோப்பமும் கூர்மை. ஓட்டம் மட்டும் சினிமாவில் வருகிற வேகம் கிடையாது. டி-ரெக்ஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவைத் தாண்டி ஓடினால் கால் எலும்பு தாங்காது என்று 2017-இல் கணினியில் கணக்கிட்டார்கள். ராஜசாரஸ் அதைவிடச் சிறியது, கொஞ்சம் கூடுதலாகவே ஓடியிருக்கலாம். குமுளி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் ஆள் நிரம்பிய ஜீப் என்ன வேகத்தில் ஏறும்? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. சமவெளி நெடுஞ்சாலையில் அந்தத் துரத்தல் பொய்யாகிவிடும், நம் மலைப்பாதையில் அது நியாயமான துரத்தல்.

கதாநாயகர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெளிநாட்டில் படித்த தொல்லுயிர் விஞ்ஞானியை விட்டுவிடுங்கள். ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தால் குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் செக்போஸ்ட் போட்டு வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கிறார்களே, அங்கே நிற்கும் கால்நடை உதவி மருத்துவர்தான் உங்கள் ஆள், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. பறவை உடம்பு அவருக்குத் தெரியும். யானைக்குப் போடும் கெட்டமைன், சைலசின் கலவையை இதற்குப் போடலாமா என்று எல்லாரும் கேட்கும்போது, பறவைக்கு மூச்சு விட நெஞ்செலும்பு அசைய வேண்டும், இது மயங்கி நெஞ்சு அழுந்த விழுந்தால் தன் எடையிலேயே மூச்சு முட்டிச் சாகலாம் என்று சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். அப்புறம் அந்தக் காய்ச்சல். நம் கோழி, வாத்துகளிடமிருந்து அதற்குத் தொற்றுமா, அதனிடமிருந்து நமக்கு என்ன தொற்றும், அந்தச் சுரங்கத்தின் வழியே இங்கிருந்து அந்தப் பக்கம் என்ன போகும்? கிருமி வந்து எல்லாவற்றையும் கொன்று கதையை முடித்துவைப்பது நூறு வருடத்துக்கு மேல் பழைய உத்தி, அதைச் செய்யாதீர்கள். தொற்று நடுவில் வரட்டும், மருத்துவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதமாகவும் அவர் பயன்படுத்த மறுக்கும் ஆயுதமாகவும் இருக்கட்டும்.

எழுத உட்காருவதற்கு முன் அரியலூர்ப் பக்கம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும், அப்படியே சாத்தனூர்க் கல்மரத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள், அந்த மரம் 18 மீட்டர், டைனோசர் காலத்து மரம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். முழு எலும்புக்கூடு பார்க்க வேண்டுமென்றால் ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் கோட்டாசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசர் நிற்கிறது, கோதாவரிப் பக்கத்தில் எடுத்தது. அதன் தொடையெலும்புக்குப் பக்கத்தில் நின்று உங்கள் உயரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள், முதல் அத்தியாயத்தில் சுரங்க வாயிலில் நிற்கிற ஆளுக்கு அந்த அளவு தேவைப்படும்.